பெங்களூர், 1909, கேப்டன் பேக்கர்: ஒரு மதிப்பெண் விடையின் வரலாறு

சாரணர் தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர்களுக்காக அச்சிடப்படும் வினா விடைத் தொகுப்புகளில் ஏறக்குறைய தவறாமல் இடம்பெறும் வினா ஒன்று உண்டு: இந்தியாவின் முதல் சாரணர் படை எங்கே, எப்போது, யாரால் தொடங்கப்பட்டது? விடை: பெங்களூர், 1909, கேப்டன் டி.எச்.பேக்கர். பிஷப் காட்டன் ஆண்கள் பள்ளி என்று சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. ஒரு மதிப்பெண்.

விடையில் பிழை ஏதும் இல்லை. அந்தப் பள்ளியிலிருந்து ஓசூர் சாலையில் ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் தெற்கே, ஆனேக்கல் வட்டத்தில், பொம்மசந்திராவுக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே இருக்கிறது சந்தாபுரா. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியா எனப் பல மொழி பேசும் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழும் ஊர். அங்கே கழுத்துத்துணி அணிந்த ஒரு சிறுமி இவ்விடையை மனப்பாடம் செய்யும்போது அவளிடம் கேட்கப்படாத வினா ஒன்று எஞ்சுகிறது. அந்த முதல் படையில் யாரெல்லாம் சேர முடிந்தது?

ஐரோப்பியச் சிறுவர்களும் ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களும் மட்டுமே. 1910, 1911 ஆண்டுகளில் கிர்க்கி, சிம்லா, சென்னை, ஜபல்பூர், லோனாவ்லா ஆகிய இடங்களில் தோன்றிய படைகளும் அவ்வாறே. பெங்களூரைப் பொறுத்தவரை இதில் கூடுதல் முரண் ஒன்று இருக்கிறது. 1809இல் உருவான கன்டோன்மென்ட், சென்னை மாகாணப் படையோடு வந்த தமிழர்களின் உழைப்பில் வளர்ந்த நகரப்பகுதி. சிப்பாய்கள், சமையற்காரர்கள், குதிரை பராமரிப்போர், கொத்தனார்கள், சிறு வணிகர்கள் எனக் கன்டோன்மென்ட் தெருக்களில் தமிழே பெரும்பான்மைப் பேச்சு. 1898 ஆகஸ்டில் பெங்களூரைத் தாக்கிய கொள்ளைநோய் அந்த நெருக்கமான தெருக்களைத்தான் கடுமையாகக் குலைத்தது. முதலுதவியும் தூய்மையும் கூட்டுச் செயலும் யாருக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தனவோ, அவர்களுடைய பிள்ளைகளுக்கு அவற்றைக் கற்பிக்கும் புதிய இயக்கத்தில் இடம் இல்லை.

காரணம் வெறும் சமூக ஒதுக்கம் அன்று. சாரணப் பயிற்சியின் உள்ளடக்கத்தை எண்ணிப் பார்த்தால் காலனி அரசின் தயக்கம் விளங்கும். வரைபடம் படித்தல், தடம் பார்த்தல், கொடியசைத்துச் செய்தி அனுப்புதல், இரவில் திசையறிதல், சிறு குழுவாக இயங்குதல். வங்கப் பிரிவினைக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தியச் சிறுவர்களுக்கு இவற்றைக் கற்றுத்தர எந்த ஆட்சி முன்வரும்? மாஃபெகிங் முற்றுகையில் புகழ்பெற்ற பேடன் பவல், வேவு பார்த்தல் குறித்துப் படைவீரர்களுக்கு எழுதிய கையேடு 1899இல் வெளிவந்தது. சிறுவர்களுக்காக அதன் பொருளை மாற்றி எழுதிய நூல் 1908இல் வந்தது. அவர் 1876இல் இளம் அதிகாரியாக இந்தியாவுக்கு வந்தவர். 1897 முதல் மீரட்டில் குதிரைப்படைப் பிரிவொன்றுக்குத் தலைமை தாங்கித் தம் வீரர்களுக்கு வேவுப் பயிற்சி அளித்தவர். இயக்கத்தின் வேர்களில் ஒன்று இந்திய மண்ணில் இருந்தது. இந்தியச் சிறுவர்களுக்கு அதன் நிழல்கூடச் சில ஆண்டுகள் கிடைக்கவில்லை.

தமிழ் இதை வேறொரு வகையில் பதிவு செய்திருக்கிறது. கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் இந்தியும் ‘ஸ்கவுட்’ என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டன. தமிழோ ‘சாரணர்’ என்றது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் சாரணர் வருகின்றனர். அவர்கள் வானில் இயங்கும் ஆற்றல் பெற்ற சமண முனிவர்கள். இராமாயணத்தில் இராவணன் அனுப்பும் ஒற்றர்களுள் ஒருவன் பெயர் சாரணன். திரிந்து செல்வது என்ற வேர்ப்பொருளிலிருந்து கிளைத்த இரு பொருள்கள் இவை: ஒன்று துறவி, மற்றொன்று உளவாளி. திருக்குறள் ஒரு முழு அதிகாரமே ஒதுக்கிய ‘ஒற்று’ என்ற சொல்லைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூட்டியிருந்தால் இயக்கத்தின் படைத்துறைப் பிறப்பு வெளிப்படையாகத் தெரிந்திருக்கும். ‘சாரணர்’ அதை மூடவும் இல்லை, முழுதாகத் திறக்கவும் இல்லை. நல்ல மொழிபெயர்ப்புதான், சற்றே கள்ளத்தனமான மொழிபெயர்ப்பும்கூட.

1909க்குப் பின் நிகழ்ந்தவற்றையும் வினா விடை நூல்கள் தருகின்றன; ஆனால் வரிசையாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஒரு மதிப்பெண் துண்டுகளாக. 1913இல் மத்திய மாகாணத்தில் விவியன் போஸ் இந்தியச் சிறுவர்களுக்கான சாரணப் பணியைத் தொடங்கினார். பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியான அதே விவியன் போஸ். 1917இல் சென்னையில் அன்னி பெசன்ட், ஜி.எஸ்.அருண்டேல் முதலியோர் இந்தியச் சாரணர் சங்கத்தை உருவாக்கினர். அதே ஆண்டு ஜூனில் சென்னை அரசு அவ்விருவரையும் பி.பி.வாடியாவையும் காவலில் வைத்தது என்பதைச் சேர்த்துப் படித்தால்தான், தலைப்பாகை அணிந்த அந்தச் சாரணர்களின் அரசியல் பொருள் விளங்கும். 1918இல் மதன்மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் அலகாபாத்தில் சேவா சமிதி சாரணர் சங்கத்தைத் தொடங்கினர். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் பொது அமைப்போடு இணைந்தது. மன்னருக்கு விசுவாசம் கூறும் உறுதிமொழியை ஏற்க விரும்பாத சேவா சமிதி வெளியே நின்றது.

சேவா சமிதிதான் இங்கே நின்று பார்க்க வேண்டிய இடம். அதன் பின்புலம் பாசறை அன்று, மேளா. கும்பமேளாக் கூட்டங்களில் நெரிசலைச் சமாளித்தல், காணாமற்போன முதியவர்களைத் தேடுதல், நோயுற்றவர்களைத் தூக்கிச் செல்லுதல், ஆற்றில் இறங்குவோரைக் காத்தல் ஆகிய பணிகளில் இருந்து அந்தத் தொண்டர் அமைப்பு வளர்ந்தது. ஆகவே இந்தியாவில் ‘அவசரகால ஆயத்தம்’ என்பதற்கு இரண்டு மரபுகள் இருந்தன எனலாம். ஒன்று, பயிற்சி பெற்றுச் சின்னம் அணிந்து ஆபத்துக்காகக் காத்திருக்கும் மரபு. மற்றொன்று, ஆபத்து ஆண்டுதோறும் தவறாமல் வரும் இடத்துக்கே சென்று அங்கேயே கற்றுக்கொண்ட மரபு. 1937இல் இந்தியர் பண்பைக் குறைத்துப் பேசியதாகப் பேடன் பவல்மீது எழுந்த சர்ச்சையை அடுத்து 1938இல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் பிறந்தது. விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7 அன்று அமைப்புகள் இணைந்து பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆயின. 1951 ஆகஸ்ட் 15இல் சாரணியரும் சேர்ந்தனர். நவம்பர் 7 இன்றும் கொடிநாள். இணைப்பு ஆவணத்தில் இரு அமைப்புகள் ஒன்றாயின. இரு மரபுகள் ஒன்றாயினவா என்பது வேறு கேள்வி.

இனி, தேர்வுமுறை. சாரண இயக்கத்தின் மிகப் பழைய வினாடி வினா ஒரு நாவலிலிருந்து வந்தது, அதுவும் சிம்லாவிலிருந்து. கிப்ளிங்கின் ‘கிம்’ 1901இல் வெளிவந்தது. லர்கன் என்ற இரத்தின வணிகரின் கடையில், தட்டில் பரப்பிய கற்களைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு நினைவிலிருந்து சொல்லும் விளையாட்டில் கிம் தோற்கிறான். பேடன் பவல் அதைத் தம் நூலில் எடுத்தாண்டு ‘கிம் விளையாட்டு’ ஆக்கினார். இருபது முப்பது சிறு பொருள்கள், ஒரு நிமிடம், பிறகு துணியால் மூடல், பிறகு தாளில் பட்டியல். இன்றும் சாரணர் முகாம்களில் ஆடப்படுகிறது. இதுவும் நினைவுத் தேர்வுதான், எழுத்துத் தேர்வுதான். ஆனால் சோதிக்கப்படுவது கண் முன்னே இருந்த பொருளை, யாருடைய சொல்லின் உதவியும் இன்றி மாணவன் தானே பார்த்தானா என்பது. விடை நூலில் இல்லை, தட்டில் இருக்கிறது. தட்டு ஒவ்வொரு முறையும் மாறுகிறது. மனப்பாடம் இங்கே செல்லாது.

சின்னங்களுக்கான தேர்வும் தொடக்கத்தில் இப்படித்தான் அமைந்தது. ஆம்புலன்ஸ் சின்னம், தீயணைப்புச் சின்னம் போன்ற தகுதிச் சின்னங்களைத் துறை அறிந்த ஒருவர் முன் செய்து காட்டிப் பெற வேண்டும். சின்னத்துக்கான அளவுகோல் தேர்ச்சியின் உயரம் அன்று, அந்தச் சிறுவன் செலுத்திய முயற்சியின் அளவே என்று பேடன் பவல் சாரண ஆசிரியர்களுக்கு எழுதினார். அமெரிக்கச் சாரணர் அமைப்பு இன்றுவரை வினைச்சொற்களில் கண்டிப்பாக இருக்கிறது: ‘செய்து காட்டு’ என்று இருந்தால் வாயால் சொல்வது போதாது; ‘விளக்கு’ என்று இருந்தால் மட்டுமே சொல்லலாம். அவர்களுடைய அவசரகால ஆயத்தச் சின்னம் முதலுதவிச் சின்னத்தை முன்நிபந்தனையாகக் கேட்கிறது. அதன்பின் மாணவன் வீட்டாரோடு உட்கார்ந்து குடும்பத்துக்கான ஆபத்துக்காலத் திட்டத்தை வகுக்க வேண்டும். அச்சின்னத்துக்கும் இப்போது எண்ணற்ற பலவுள் தெரிவு வினாத்தொகுப்புகள் புழங்குகின்றன என்பது தனிக்கதை.

இந்தியாவில் பிரவேஷ் தொடங்கி மூன்று சோபானங்கள், பின் ராஜ்ய புரஸ்கார், முடிவில் குடியரசுத் தலைவர் விருது எனப் படிகள் அமைந்துள்ளன. மேற்படிகளுக்கான சோதனை முகாம்களில் எழுத்து, வாய்மொழி, செய்முறை மூன்றும் உண்டு. ஆகவே செய்முறை ஒழிந்துவிட்டது என்று சொல்வது நியாயமன்று. மாறியது அதன் எடை. இரயில்வே துறை சாரணர் ஒதுக்கீட்டில் ஆளெடுக்கிறது. உயர் விருது பெற்றிருப்பது அதற்கான தகுதி. சான்றிதழ்களுக்கு மதிப்பெண் உண்டு, எழுத்துத் தேர்வும் உண்டு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது அரசு வேலைக்கான அரிதான வாசல்களில் ஒன்று. ஆனேக்கல் வட்டத்துத் தொழிற்பேட்டைகளில் ஒப்பந்தக் கூலிக்கு உழைக்கும் பெற்றோர், பிள்ளையின் கையில் அந்த வினா விடை நூலைக் கொடுத்தால் அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. தேர்வு வேலைக்கான வாசலாகிவிட்டால், திருத்த எளிதான வினாக்களே பெருகும். பேடன் பவலின் பிறந்த நாள் (1857 பிப்ரவரி 22), பிரவுன்சீ தீவு முகாம் நடந்த ஆண்டு (1907), கொடியின் நிறம், பெங்களூர், 1909. முக்கோணத் துணியால் முறிந்த கையைத் தாங்கக் கட்டுப் போடும்போது எந்த முடிச்சு என்றால் ‘ரீஃப் நாட்’ என்று எழுதிவிடலாம். அந்த முடிச்சு தட்டையாகப் படிந்து நோயாளியின் கழுத்தை உறுத்தாமல் இருக்கும் என்பது கட்டிப் பார்த்த கைக்கு மட்டுமே தெரியும்.

நினைவாற்றல் ஆய்வு இங்கே ஒரு நியாயத்தைக் கேட்கிறது. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, திரும்பத் திரும்பப் படிப்பதைவிட இடையிடையே தேர்வு எழுதுவது நீண்டகால நினைவை வலுப்படுத்துகிறது எனக் காட்டியது. வினாடி வினா கல்விக்குப் பகை அன்று. ஆனால் எது கேட்கப்படுகிறதோ அதுவே வலுப்படும். சிபிஆர் போன்ற கைத்திறன், பயிற்சி தொடராவிட்டால் சில மாதங்களிலேயே தேய்கிறது. அதைப் பற்றிய விடையோ ஆண்டுக்கணக்கில் நினைவில் நிற்கும். அந்த இடைவெளிதான் ஆபத்தானது. தெரியும் என்ற உணர்வு இருக்கும், கை நகராது.

விடைகளும் மூப்படைகின்றன. நீரில் மூழ்கியவருக்குச் செயற்கை மூச்சு அளிக்கும் முறை எது? 1858க்குப் பின் சில்வெஸ்டர் முறை: மல்லாக்கக் கிடத்திக் கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி இறக்குதல். 1903க்குப் பின் ஷேஃபர் முறை: குப்புறக் கிடத்தி முதுகை அழுத்துதல். 1932க்குப் பின் ஹோல்கர் நீல்சன் முறை. 1950களின் இறுதியில் வாயோடு வாய் வைத்து ஊதுதல். 1960இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த குவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் மார்பை அழுத்தும் முறையை வெளியிட்டனர். 2010இல் அமெரிக்க வழிகாட்டுதல் பொதுவான சிபிஆர் வரிசையையே மாற்றி, மார்பழுத்தத்தை முதலில் வைத்தது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளில் ஒரே வினாவுக்கு ஐந்தாறு ‘சரியான’ விடைகள். பாம்புக்கடியிலும் அப்படியே. இறுக்கிக் கட்டு, கீறி விடு என்ற பழைய விடை இன்று தவறு மட்டும் அன்று, தீங்கு. கட்டாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைவதே இன்றைய முறை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ள நாட்டில், பழைய பதிப்பு வினா விடை நூலொன்று கைமாறிக் கைமாறிப் போவது சிறிய செய்தி அன்று.

1981 பிப்ரவரி 7 அன்று பெங்களூரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றியது. இறந்த 92 பேரில் பெரும்பாலோர் குழந்தைகள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சத்துணவுக் கூடத்துத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொன்றது. கும்பகோணத்தை முன்னிட்டுத் தொடுக்கப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் கற்பது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கூறி, பள்ளிகளில் தீயணைப்புக் கருவிகளும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் வேண்டும் என ஆணையிட்டது. சின்னத்தை விரும்பியவர் மட்டும் பெறுவதாக இருந்த அறிவு, இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதானது, சட்ட அளவிலாவது.

சந்தாபுராவிலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் அத்திப்பள்ளியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, 2023 அக்டோபர் 7 அன்று பட்டாசுக் கடையொன்று எரிந்தது. அன்று மட்டும் 14 பேர் இறந்தனர். பின்னர் எண்ணிக்கை உயர்ந்தது. பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளைஞர்கள். தீபாவளிச் செலவுக்காக ஒரு சில வாரம் வேலைக்கு வந்த மாணவர்கள் அவர்களில் இருந்தனர். அவர்களில் எவருக்கும் தீயணைப்பு நிலையத்தின் எண் தெரியாமல் இருந்திருக்காது.

இங்கே இலக்கணம் வந்து சேர்கிறது. தமிழ் வினாத்தாளின் மொழி வியங்கோளால் ஆனது: விளக்குக, வரைக, தேர்ந்தெடுத்து எழுதுக. யாரையும் நேராகப் பார்க்காத, அவசரமற்ற வினைவடிவம் அது. ஆபத்தின் மொழியோ ஏவல் ஒருமை: ஓடு, நில், படு, உருள். தமிழில் வினைப்பகுதியே ஏவல் ஒருமையாக நிற்கிறது. மொழியின் மிகக் குறுகிய வினைவடிவம். சாரணர் குறிக்கோளான ‘தயாராக இரு’ என்பதும் அவ்வடிவமே. பதின்மூன்று வயதுச் சிறுமி தன் ஆசிரியரைப் பார்த்துப் ‘படு’ என்று கத்தலாமா, ‘படுங்கள்’ என்று ஓர் அசை கூட்டிச் சொல்ல வேண்டுமா என்பதை எந்தப் பயிற்சி நூலும் எடுத்துப் பேசுவதில்லை. தயங்குவாள் என்பது நிச்சயம்.

எல்லைப்புற ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 112ஐ அழைத்தால் முதலில் கேட்கப்படுவது இடம், அடுத்தது நிகழ்ந்தது என்ன என்பது. எந்த மொழியில் சொல்வது? எதைச் சொன்னால் அடுத்த கட்டடத்தில் இருப்பவருக்குப் புரியும்? தமிழில் தீ அல்லது நெருப்பு, கன்னடத்தில் பெங்கி, தெலுங்கில் நிப்பு அல்லது மண்ட்ட, இந்தியில் ஆக். நான்கும் வேறு வேறு. சந்தாபுராவின் ஒரு வாடகைக் கட்டடத்தில் நான்கு மாடிகளில் இந்த நான்கு சொற்களும் இருக்கக்கூடும். ஆனால் ‘ஓடு’ என்பது தமிழிலும் கன்னடத்திலும் ஒன்றே. தமிழின் ‘நில்’ கன்னடத்தில் ‘நில்லு’. ‘வா’ அங்கே ‘பா’. ‘காப்பாத்துங்க’ என்ற அலறலைக் ‘காபாடி’ என்று கத்தும் அண்டைவீட்டார் கேட்டவுடன் அறிவார். ஆபத்தின் பெயர்ச்சொற்கள் பிரிந்து கிடக்கின்றன. அதிலிருந்து தப்புவதற்கான வினைச்சொற்கள் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்தே இருக்கின்றன. ஆனேக்கல் வட்டத்தில் ஒரு முதலுதவிப் பாடத்தை எழுத யாரேனும் உட்கார்ந்தால், பெங்களூர், 1909 என்ற பக்கத்துக்கு முன்னால், அந்த நான்கைந்து வினைச்சொற்களைக் கன்னட எழுத்திலும் தமிழ் எழுத்திலும் பக்கத்துக்குப் பக்கம் அச்சிட்டு, பிள்ளைகளைக் கட்டடத்துக்கு வெளியே வரிசையாக ஓடவைத்துத் தொடங்கலாம்.